கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிய விவரம்

ராயபுரம்,
பங்குனி மாதம்.

சகல பாக்கியமும் பெற்ற மகள் மலர்க்கொடிக்கு, உன் நைனா வேலப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மா பூவம்மாவும் சுகம். பெரம்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். இது என் சொந்தக் கையெழுத்து, இராப்பள்ளிக்கூடத்தில் கற்றது. தபால்காரரிடம் சொல்லி எழுதினால் பாதியை விழுங்கிவிடுவார், இனி அந்தக் கவலை இல்லை.

உன் மாமியார் வந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். பச்சையாக ஒரு செடிகூட இல்லாத கரி வீட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்பமாட்டேன் என்று அவர்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிகம் கவனிக்கவேண்டாத செடியாக ஒன்று சொல் என்று பக்கத்து வீட்டு லூயிஸைக் கேட்டேன், குரோட்டன்ஸ் கொடுத்தான். துறைமுகத்தில் நிலக்கரிக் குவியல் தீப்பிடிக்காமல் தண்ணீர் தெளித்தே என் காலம் போனது உனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் போகும்போது ஒரு செம்பு, வரும்போது ஒரு செம்பு ஊற்றினேன், அழுகிப்போனது. பிறகு வைத்த துளசியும் அப்படியே. லூயிஸ் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா நைனா, செடி இன்னா பத்திக்கினா எரியுது? சும்மா வுடேன் அத!" என்று சொல்லி, ஒரு கற்றாழையை வேரோடு கொண்டுவந்து, திருஷ்டிக்குக் கட்டுவதுபோல் வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டினான். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காற்றைக் குடித்தே பிழைக்கும் என்றான். பிழைத்தது மகளே, புதுக் குருத்தும் விட்டது! அந்தச் சந்தோஷத்தில் என் கை சும்மா இருக்குமா, இன்று காலை ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து வீசினேன், அந்த நேரம் பார்த்து உன் மாமியார் வரலட்சுமி அம்மாள் வாசலில் கால் வைத்தார்கள், நிலைமேல் பல வருஷமாகக் குடியிருந்த கரித்தூளெல்லாம் அவர்கள் தலையில் இறங்கிவிட்டது.

"இன்னா சம்பந்தி, கரி வூடுன்னு சொன்னதுக்கு என்னியே கரியாக்கிட்டீங்களே!" என்றார்கள். உன் அம்மா அவர்களைக் கிணற்றடிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். கோபம் தண்ணீரோடு போய்விடும் என்று நம்புகிறேன். கற்றாழை பச்சையாக இருக்கிறது, வீடும் பச்சையாகத்தான் இருக்கிறது. தைரியமாக வா. தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா,
வேலப்பன்.

பின்குறிப்பு: நான் மெதுவாக எழுதியதில் உன் மாமியார் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டார்கள். கடிதத்தை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "வெள்ளிக்கெழம நானே பொண்ண இட்டாந்து வுடறேன். பொறக்கற கொயந்த தலைல மட்டும் செம்பத் தூக்காதீங்க சம்பந்தி" என்றார்கள். இந்தக் கடிதத்தை அவர்களே கொண்டுவருகிறார்கள். கூடவே, இப்படிச் சாகாத செடி தங்களுக்கும் வேண்டுமென்று கற்றாழையையும் அவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். ஆகையால் இப்போது வீட்டில் பச்சையாக ஒன்றும் இல்லை. நீ சீக்கிரம் வா.