ஊஞ்சலுக்கு அடியில் இருந்தது

ராஜபாளையம்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் சாம்சனுக்கு, தவசிமுத்து அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உன் அக்காள் பரிபூரணத்தின் முழங்கால் மட்டும் நலமில்லை. உங்கள் நலத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர்க் கடற்கரையில் மூடிக்கிடந்த ரசாயனக் கிட்டங்கியை இடித்து, மண்ணைச் சுத்தம் செய்து, மீன் ஏலக்கூடம் கட்டப் போகிறார்கள் என்றும், அங்கே கழிவு மூட்டைகளைப் புதைத்த இடம் உனக்குத் தெரியும் என்றும், சொல்வதா வாயை மூடுவதா என்றும் கேட்டிருந்தாய். என் கதையைக் கேள்.

நான் வேலை பார்த்த சாயப்பட்டறை இருந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் பூங்கா வருகிறது. போன மாதம் மண்ணைச் சோதிக்க ரிஸ்வானா என்ற இன்ஜினீயர் பெண் ஆட்களோடு வந்தது. கிழக்குப் பக்கம் கெட்ட மண் என்று கொடி நட்டார்கள். தெற்கு மூலையில் மேல்மண் சுத்தமாம், அங்கே ஊஞ்சலாம். அந்த மூலையில்தான் முப்பது வருஷத்துக்கு முன்னால், முதலாளி சொன்னாரென்று, நானும் கூட வேலை பார்த்த பேச்சிமுத்துவும் சாயக்கழிவு டிரம்களைப் புதைத்தோம். பேச்சிமுத்து இப்போது இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அக்காளிடம் சொன்னேன், போலீஸ் பிடித்துப் போய்விடும் என்றும் சொன்னேன். "உள்ள வச்சா நான் சோறு கொண்டாந்து தாரேன். போயிச் சொல்லுங்க" என்றுவிட்டாள்.

போனேன். வாய் வரவில்லை. தெற்கு மூலையில் வெயில் முகத்தில் அடிக்கும், ஊஞ்சலை மாற்றுங்கள் என்றேன். பொதுமக்கள் கருத்து என்று எழுதிக்கொண்டு, கூரை போட்டுத் தருகிறோம் என்றார்கள். மறுநாள் போய் அங்கே பாம்பு குடியிருக்கிறது என்று புளுகினேன். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேல்பாண்டி என்று ஒரு பாம்பு பிடிக்கிறவரை வரவழைத்துவிட்டார்கள். அவர் ரெண்டு மணி நேரம் புதரைக் கிளறி, என் கெட்ட நேரம், நிஜமாகவே ஒரு சாரைப்பாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டார். எல்லாரும் எனக்கு நன்றி சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள், இனி பயமில்லை, ஊஞ்சலுக்கு நாளைக்கே சிமெண்டு போட்டுறலாம்னு வேற சொல்லிட்டாங்க. டீ கிளாசைக் கீழ வச்சுட்டேன் மாப்ளே.

அங்கேயே சொல்லிவிட்டேன். "தாயி, பாம்பு பெருசில்ல. கீழ டிரம்மு கெடக்கு. பொதைச்சவன் நான்தான்."

அந்த இன்ஜினீயர் பிள்ளை ஃபைலை மூடி வைத்தது. நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னது. திட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "வெறுங்கையாலயா தூக்குனீங்க? ஒடம்புக்கு ஒண்ணும் செய்யலையே?" என்று கேட்டது. முப்பது வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெடித்துக் கிடக்கும் விரல்களைக் காட்டினேன். பேச்சிமுத்து கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறியதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், உன் அக்காளிடம் இதை எழுதிவிடாதே.

பொக்லைன் வந்தது. நான் காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இடையில் சுற்றுச்சுவரைத் தள்ளிக் கட்டியிருந்ததால், சுவரை வைத்து நான் போட்ட கணக்குத் தப்பிவிட்டது. பத்தடி தள்ளித் தோண்டியதும் மூன்று டிரம், துருப்பிடித்து ஓட்டையாகி, சுற்றிலும் மண் நீலமாக. பக்கத்துத் தெருக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்க எடுத்துப் போனார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பிடித்துப் போகவில்லை. நீல மண்ணை அள்ளித் தார்ப்பாய் மூடிய லாரியில் ஏற்றிவிட்டார்கள். வேலை முடிந்தது. நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆகவே நீயும் சொல்லிவிடு. சிமெண்டு போடுவதற்கு முன்னால் சொல். ஏலக்கூடத்து மீனைச் சாப்பிடப்போவது உன் ஊர்ப் பிள்ளைகள்தான். பிரிஸ்கில்லாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் உன் நாவுக்குத் தைரியம் தருவாராக.

இப்படிக்கு,
அன்பு அத்தான்
தவசிமுத்து

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பேச்சிமுத்து சம்சாரம் இருளம்மாள் வந்தாள். நான் லீவில் இருந்த வாரம் மேற்கு மூலையிலும் ஒரு குழி வெட்டியதாக அவன் சாகும்போது சொன்னானாம். "செத்த மனுசன் பேரு கெட்டுப்போகுமேன்னு இருந்தேன் அண்ணே. அந்தப் பிள்ள ஒங்கள வையலையாமே" என்றாள். நாளைக் காலையில் ரெண்டு பேரும் போகிறோம். மேலே 'வேலை முடிந்தது' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும்.