தொப் மாமா

சங்கீதம் கேட்காமலே வீடு நிறைய இசைத்தட்டு வைத்திருந்தவர் மயிலாப்பூரில், ஏன் மூவுலகத்திலும், எங்கள் மாடிவீட்டு மாமா ஒருவர்தான். அவருக்கு வேண்டியது பாட்டு இல்லை. தட்டு விழும் சத்தம். தெருவே அவரைத் தொப் மாமா என்றது.

வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்த பழைய தானியங்கி கிராமபோன் அவருடையது. நடுக்கம்பியில் தட்டுகளை அடுக்கிவிட்டால் போதும். ஒன்று பாடி முடிந்ததும் ஊசிக்கை தானே விலகும், அடுத்த தட்டு தொப்பென்று விழும், கை திரும்பி வந்து உட்காரும். பாட்டு ஓடும்போது மாமா காபி குடிக்கப் போய்விடுவார். தட்டு விழும் நேரத்துக்கு ஓடி வருவார். தாளம் போட்டுக் கேட்கும் விருந்தாளிகளை, "ஷ்! பேசாம இருங்கோ, விழப்போறது!" என்று அடக்குவார்.

இன்னொரு மிஷினும் உண்டு. பாடி முடித்த தட்டைப் பக்கத்துப் பெட்டியில் வீசும், பாதி உடையும். "அதுக்குக் கோபம் ஜாஸ்தி" என்பார், பெருமையாக.

அடுக்கும்போதுகூட வேஷ்டி நுனியால்தான் தட்டைப் பிடிப்பார். மனுஷக் கை படக்கூடாதாம். "எங்காத்துல மடியெல்லாம் மிஷினுக்குத்தான்" என்பாள் மாமி.

அப்போது என் பிள்ளை பாபுவுக்கு ஒன்றரை வயது. சோற்றைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்வான். அடுத்த தடவையும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். என் பாலில் குறையா, கையில் குறையா என்று நான் தூங்காமல் யோசித்த நாட்கள்.

ஒருநாள் உறைமோர் வாங்க மாடிக்குப் போனேன். இடுப்பில் பாபு, கையில் சோற்றுக் கிண்ணம். தட்டு தொப்பென்று விழுந்தது. பாபு ஆவென்று வாயைத் திறந்தான். ஒரு கவளத்தைத் திணித்துவிட்டேன்.

அன்றிலிருந்து தட்டுக்கு ஒரு கவளம். ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் ரசம்சாதம் ஆறிப்போகும். கேட்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தவித்து, கடைசியில் கேட்டேவிட்டேன்: "மாமா, பாட்டை நடுவுல நிறுத்த முடியாதா?"

"பாட்டு போனாப் போறது! தட்டு விழணும், அவ்வளவுதானே?" என்று ஒரு விசையைத் தட்டினார். அப்புறம் எங்கள் தெருவில் யாரும் அனுபல்லவி கேட்டதில்லை.

டாக்டரிடம் போக வேண்டிய வாரம் தொப் போடும் மிஷின் நின்றுவிட்டது. உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. பாபுவின் வாயும் மூடிக்கொண்டது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

மாமா எழுந்தார். வெறுங்கையால் ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்துத் தலையணைமேல் போட்டார். "தொப்!" என்று வாயாலும் சொன்னார். பாபு அசையவில்லை.

"ஊசிக்கை முதல்ல விலகணுமே! குழந்தைக்குத் தெரியாதா?" என்றாள் மாமி.

மாமா இடதுகையை நீட்டி, "கர்ர்ர்" என்று மெதுவாக விலக்கினார். பிறகு தொப். ஆ! கவளம் உள்ளே போனது. எடையும் ஏறியது.

ஆனாலும் இந்தக் கச்சேரி தொடர்ந்தது. ஒருநாள் மூர்மார்க்கெட் பழைய சாமான் கடை ஆள் வாசலில் வந்து நின்றான். "சாமி, நீ கேட்ட ஸ்பிரிங்கு கெடச்சிகீது! இன்னாத்துக்கு கைய நீட்டிக்கினு நிக்கிறே?"

நீட்டிய கையை மாமா இறக்கவில்லை.

"செத்த இருப்பா. குழந்தை இன்னும் மோருஞ்சாதம் சாப்பிடலை."