ஊசலாருக்குத் தெரியாத வண்டி

எங்கள் மைதானத்தில் கேரவன் காணாமல் போனால் முதலில் போலீசுக்குப் போக வேண்டும். அது சட்டம். போலீஸ் நம்மை, ஊசல் ஆட்டிக் குறி சொல்கிற ஊசலாரிடம் அனுப்பும். அது நடைமுறை. ஊசலார் வீட்டு வாசலில் கூட்டம் தெருமுனை வரை நிற்கும். அந்தக் கூட்டத்தை வரிசைப்படுத்தப் போலீஸ் வரும். ஆகவே போலீஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது.

கேரவன் என்றதும் நடிகர்கள் ஓய்வெடுக்கிற வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையது ஏழைக் கேரவன். சக்கரத்தின் மேல் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு படுக்கை. இழுத்துப்போக வேறொரு வண்டி வேண்டும். வேலை எங்கேயோ அங்கே போய் நிறுத்திக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். நான் பல் செட் செய்கிறவன். வண்டிதான் என் வீடு, அதுவே என் பட்டறை. வீட்டுக்குச் சக்கரம் இருப்பது நமக்கு வசதி. திருடனுக்கு அதைவிட வசதி. மற்ற இடங்களில் வீடு புகுந்து திருடுவார்கள். இங்கே வீட்டையே கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஊசலார் முன்பு என்ன தொழில் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்பது மரியாதை இல்லையாம். அவர் வீட்டு மேஜையில் ஒரு வரைபடம் விரித்திருக்கும். கையில் ஒரு கறுப்பு நூல். நூலின் நுனியில், வண்டியைப் பறிகொடுத்தவரின் தங்கம் ஏதாவது ஒன்று தொங்க வேண்டும். "உடையவனோட தங்கம்தான் வண்டியைத் தேடும். பித்தளை தேடாது, இரும்பு தேடாது" என்பார். கண்ணை மூடுவார். நூல் ஆடும். எங்கே நிற்கிறதோ அங்கே வண்டி. பிறகு அந்தத் தங்கத்தில் களவின் சூடு ஏறிவிடுவதால், ஆறுவதற்காக அவருடைய இரும்புப் பெட்டிக்குள் போகும். இதுவரை எந்த நகையும் ஆறி வெளியே வந்ததாகத் தகவல் இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, வண்டிகள் கிடைத்தன. அடுப்பு இருக்காது, பேட்டரி இருக்காது, மெத்தை இருக்காது, வண்டி இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. ஊசலார் இடத்தைச் சொன்ன பிறகு, மறுநாள் விடிந்துதான் போலீஸ் அங்கே போக வேண்டும். முன்னாலேயே போனால் வண்டி இடம் மாறிவிடுமாம். எங்கள் ஸ்டேஷன் இந்த விதியை அணுவளவும் மீறியதில்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிற எதையும் அவர்கள் இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. கண்டுபிடித்த வண்டியை இழுத்து வர ஊசலாரின் மச்சான் இழுவை வண்டி வைத்திருந்தார். அவர் கைராசிக்காரர். எந்த மேட்டிலும் எந்தப் பள்ளத்திலும், வழி கேட்காமல் நேராக வண்டி நிற்கும் இடத்துக்கே போய்விடுவார்.

இன்ஸ்பெக்டர் கை சுத்தமானவர். அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு டீ கூட ஓசியில் குடிக்க மாட்டார். மூளையைத்தான் ஓசியில் கொடுத்திருந்தார். களவு போன வாகனங்களைக் கண்டுபிடிப்பதில் எங்கள் ஸ்டேஷன்தான் முதலிடம் என்று ஒரு பாராட்டுப் பத்திரம் அவர் நாற்காலிக்கு மேலே தொங்கியது. களவும் அதிகம் போனால்தானே அதிகம் கண்டுபிடிக்க முடியும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

களவு போகாமல் இருக்க ஊசலாரிடம் வேறு வைத்தியம் இருந்தது. வண்டிக் கதவில் நீல வட்டம். அவர் மந்திரித்துக் கொடுத்த பெயிண்டில் மச்சான் வந்து போட்டுத் தருவார். வட்டம் போட்ட வண்டிகளை ஒருத்தரும் தொடுவதில்லை. போடாத வண்டிகளில் ஜன்னல் உடையும், டயர் கிழியும், தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். என் ஜன்னல் உடைந்த அன்று ஒரு கான்ஸ்டபிள் வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"வட்டம் எங்கே?"

"போடலீங்க."

"ஏன் போடல?"

"கல்லு எறியறவனுக்கு வட்டம் என்னங்க சதுரம் என்னன்னு இருந்துட்டேன்."

"இப்ப தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு விசாரணையை முடித்துக்கொண்டு போனார்.

இந்த லட்சணத்தில்தான் தையல்காரம்மாவின் வண்டி போயிற்று. அவளும் அவள் மாமியாரும் கடைக்குப் போய்த் திரும்பினால், வண்டி நின்ற இடத்தில் வெளுத்த புல்தான் இருந்தது. வண்டிக்குள் தையல் மெஷின், வெட்டி வைத்த பள்ளிச் சீருடைகள், இரண்டு பேரின் படுக்கை, உடுப்பு, பாத்திரம், எல்லாம். பள்ளி திறப்பதற்குள் சீருடை போகாவிட்டால் அடுத்த வருஷம் அந்த வேலை வேறு ஆளுக்கு. தலைக்கு மேல் கூரையும் இல்லை, கைக்கு வேலையும் இல்லை. மைதானத்து ஓரத்தில் ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்தேன். அதற்கடியில் இருவரும் படுத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் கதவில் நீல வட்டம் இருந்தது. மாமியார் அடம்பிடித்துப் போட வைத்தது.

"அது மழையில மங்கிப்போச்சாம்" என்றாள் தையல்காரம்மா. "புதுப்பிச்சிருக்கணுமாம்."

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியா நீ?" என்றார் மாமியார். வீடு போனதைவிட, தான் சொன்னது பலித்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தையல்காரம்மாவின் செயின் ஏற்கெனவே ஊசலாரின் பெட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. ஊசல் ஆடியதே தவிர நிற்கவில்லையாம். வண்டியைப் பிரித்து விற்கத் திருடர்கள் ஆள் பேசிவிட்டார்கள், சீக்கிரம் மாமியாரின் வளையலையும் கட்டிப் பார்த்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். அந்த வளையல் ஒன்றுதான் அந்தக் குடும்பத்தில் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் புது எஸ்.ஐ. அம்மா மாற்றலாகி வந்தார். டிராபிக்கில் இருந்தவர். சிவப்பு விளக்கில் நிற்காதவன் சொல்கிற சமாதானம் அத்தனையும் கேட்டுக் கேட்டு, எதையும் நம்புகிற நரம்பே அறுந்துபோனவர். வந்த அன்றே தையல்காரம்மாவின் புகாரைக் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டரின் அறைக்குப் போனார். நான் வெளியே பெஞ்சில், உடைந்த ஜன்னலுக்காக உட்கார்ந்திருந்தேன்.

"சார், இந்த அம்மா வண்டி நின்ன இடத்தை யாராவது போய்ப் பார்த்தாங்களா?"

"எதுக்கு? அவர்தான் சொல்லிடுவாரே."

"அக்கம்பக்கத்துல விசாரிச்சாங்களா?"

"அவர்தான் சொல்லிடுவாரேங்கறேன்."

"அவருக்கு எப்படி சார் தெரியுது?"

"அது தெரிஞ்சா நானே ஊசலார் ஆயிட மாட்டேனா?" என்றார் இன்ஸ்பெக்டர். நியாயமான பதில். எஸ்.ஐ. அம்மா சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க வண்டியை நான் கொஞ்சம் திருடிக்கவா?"

"எனக்கு என்னம்மா கெடைக்கும்?"

"திருப்பிக் கெடைக்கும். இந்த ஊர்ல அதுவே பெரிய விஷயம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனின் பின்முற்றத்தில் ஊசலாருக்குப் பாராட்டு விழா. இன்ஸ்பெக்டரின் ஏற்பாடு. மேடை அலங்காரம் எஸ்.ஐ. அம்மாவின் பொறுப்பு. அவர் விடிவதற்கு முன்னால் ஜீப்பைக் கொண்டுவந்து என் வண்டியை இழுத்துப்போய், முற்றத்துச் சுவரோரம் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, அதன் மேல் "வருக வருக" என்று பெரிய துணிப் பேனரைக் கட்டிவிட்டார். அதற்கு முன்னால் மேஜை, வரைபடம், ஒரு சாய்வு நாற்காலி. இன்ஸ்பெக்டருக்கு மேடை இருந்தால் போதும். மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

நான் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, "ஐயோ, என் வண்டி போச்சே!" என்று எல்லார் முன்னாலும் அழுதேன். நன்றாகவே அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு, "வட்டம் போட்டிருந்தீங்களா?" என்றார்.

விழாவிலேயே ஊசல் பார்ப்பதாக ஏற்பாடு. முதலில் தையல்காரம்மாவின் வழக்கு. மாமியார் வளையலைக் கழற்றினார். இறங்க மாட்டேன் என்றது. எண்ணெய் தடவிக் கழற்றினார்கள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசலார் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். வளையல் ஆடியது. நின்றது.

"பழைய ஐஸ் பேக்டரி" என்றார். "பின்பக்கம் தகரக் கொட்டகை. பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தது ஒரு பாதிச் செங்கல். கதவுல தாழ்ப்பாள் இல்ல, கம்பி போட்டுக் கட்டியிருக்கு."

கூட்டம் ஆஹா என்றது. மாமியார் கும்பிட்டார். எஸ்.ஐ. அம்மா ஓரமாகப் போய் வயர்லெஸ்ஸில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

"நாளைக்குக் காலையிலதானே போகணும்?" என்றார் இன்ஸ்பெக்டர், கவலையோடு.

"ஞாபகம் இருக்கு சார்" என்றார் எஸ்.ஐ. அம்மா.

அடுத்தது நான். தங்கம் கேட்டார்கள். வாங்க வராத ஒரு வாடிக்கையாளரின் தங்கப் பல் ஒன்றை நூலில் கட்டிக் கொடுத்தேன். அது பித்தளை. பித்தளை தேடாது என்று அவர்தான் சொல்லியிருந்தார். ஆனால் அது மிக நன்றாகத் தேடியது. வரைபடத்தின் ஓரத்துக்கே போய்விட்டது.

"தூரம்... ரொம்பத் தூரம்..." என்றார் ஊசலார், இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "மூணு பேரு. ஒருத்தன் நொண்டறான். எல்லை தாண்டிட்டாங்க. வண்டியைத் துண்டு துண்டா வெட்டறாங்க. எனக்குச் சத்தம் கேக்குது."

"நல்லாப் பாருங்கய்யா" என்றார் எஸ்.ஐ. அம்மா. "இங்க பக்கத்துல எங்கேயும் இல்லையா?"

"நூறு மைல் சுத்தளவுல இல்ல."

"நிச்சயமா?"

"என் ஊசல் பொய் சொல்லாது."

"சரிங்கய்யா. கொஞ்சம் எந்திரிச்சுக்குங்க, பின்னாடி அழுக்கா இருக்கு."

அவர் எழுந்தார். எஸ்.ஐ. அம்மா பேனரைப் பிடித்து இழுத்தார். தார்ப்பாயும் கூடவே சரிந்தது. என் வண்டி நின்றது. உடைந்த ஜன்னல் வழியாக அலமாரி தெரிந்தது. அதில் இருந்த பல் செட்டுகள் அத்தனையும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தன.

கூட்டம் வண்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. ஊசலார் மட்டும் நூலைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆஹா, எங்கள் ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "அது திருட்டே போகலையே! அதனாலதான் ஊசலுக்குத் தெரியல!"

கைதட்டல் பறந்தது. "பாயிண்ட்!" என்றார் இன்ஸ்பெக்டர். ஊசலாரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "சோதிக்கறாங்க, பாவம், விட்டுடுங்க" என்று பெரிய மனசோடு எஸ்.ஐ. அம்மாவை மன்னித்தார்.

எஸ்.ஐ. அம்மா கைதட்டல் அடங்கும் வரை பொறுத்திருந்தார்.

"நீங்க சொல்றது ரொம்பச் சரி. திருடாத வண்டி முதுகுல இடிச்சாலும் இவருக்குத் தெரியாது. திருடின வண்டின்னா சக்கரத்துக்கு வச்ச பாதிச் செங்கல் வரைக்கும் தெரியும். இப்படி ஒரு ஆளைத்தான் நாங்க எப்பவும் தேடுவோம். அந்த ஆளுக்கு எங்க ஊர்ல பேரு வேற."

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. முற்றம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, ஐஸ் பேக்டரிக்கு வந்துட்டோம். வண்டி இருக்கு. செங்கல் இருக்கு. உள்ள ஆளும் இருக்கு, இழுவை வண்டிக்காரர். தையல் மெஷினைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. நாளைக்குக் காலையிலதானே வருவீங்கன்னு எங்களைக் கோவிச்சுக்கறாரு."

ஊசலார் கொல்லைப்பக்கக் கதவைப் பார்த்தார். அங்கே கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார், என் ஜன்னலை விசாரித்த அதே ஆள். போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஒருவரைக் கைது செய்ய எங்கேயும் போக வேண்டியதில்லை என்பதால், அந்த வேலை மட்டும் உடனே நடந்தது. அவர் வீட்டுக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். எல்லா நகையும் சில்லென்றுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. "இருந்தாலும், கண்டுபிடிச்சாரா இல்லையா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மாவின் வண்டி மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. சீருடைக் கட்டுகள் பிரிக்காமல் இருந்தன. அவள் உள்ளே ஏறி, மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"அத்தை, நம்ம வீட்டை எடுத்துட்டுப் போனவன்கிட்டயே போய், இருந்த நகையையும் கழட்டிக் கொடுத்து, வண்டி எங்கே இருக்குன்னு கையெடுத்துக் கும்பிட்டு நின்னோமே! எனக்கு வெக்கமா இருக்கு."

மாமியார் வளையலைத் திரும்ப மாட்டிக்கொண்டு, நேராக எஸ்.ஐ. அம்மாவிடம் போனார். அவருக்குப் பின்னால் மைதானமே போய் நின்றது.

"நீங்கதாம்மா தெய்வம் மாதிரி வந்தீங்க. இனிமே வண்டி போகாம இருக்க என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்க."

"பெருசா ஒண்ணும் இல்ல. இழுவைக் கொக்கிக்கு நல்லதா ஒரு பூட்டு வாங்கிப் போடுங்க. புதுசா யாராவது மைதானத்துல சுத்தினா எங்களுக்குச் சொல்லுங்க. நாங்க உடனே வரலேன்னா வந்து சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க."

எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். மாமியார் மட்டும் ஒரு அடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பூட்டு எந்தக் கலர்லம்மா ராசி?"

எஸ்.ஐ. அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? நான் பல் கட்டுகிறவன். வாயில் இல்லாததை என்னால் செய்து மாட்டிவிட முடியும். தலைக்குள் இருப்பதை அவரவர்தான் எடுத்துப் புழங்க வேண்டும். அது தொலைந்தால் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க மாட்டார்கள்.