கிறிஸ்துமஸ் பீரைக் காப்பாற்றிய விதம்

இந்தக் குளிர்காலத்துக்கு நான்கு பீர் என்று முடிவு செய்தேன். முதல் உறைபனிக்கு ஒரு லேசான பீர். ஆடு அறுக்கும் வாரத்துக்கு ஒரு பழுப்பு பீர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வீரியமான பீர். பிப்ரவரியில் பனி கூரையைத் தொடும்போது குடிக்க, ஜூனிபர் புதரின் கிளை போட்ட கறுப்பு பீர். அட்டவணையை எழுதி என் மனைவி குன்வோரிடம் நீட்டினேன். பேரரசர்கள்கூட இவ்வளவு பெருமிதமாகப் போர்த்திட்டம் நீட்டியிருக்க மாட்டார்கள்.

"நாலா? விறகு யாரு வெட்டறது?"

"நான்தான்."

"போன வருஷ விறகே இன்னும் மரமாத்தான் நிக்குது."

நான்கு இரண்டானது. லேசான பீரும் கிறிஸ்துமஸ் பீரும் மட்டும். பரவாயில்லை. எனக்கு வேண்டியது கிறிஸ்துமஸ் பீர்தான். அதற்குக் காரணம் போன வருஷம் பட்ட அவமானம்.

எங்கள் வோஸ் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம். புளித்த பீரைத் தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு எடுக்கும் நாளில் யார் வந்து நின்றாலும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அழைப்பு தேவையில்லை, மூக்கு போதும். போன வருஷம் பதினேழு மூக்குகள் வந்தன. கிறிஸ்துமஸ் அன்று என் மாமனாருக்கு ஆப்பிள் ஜூஸ் ஊற்றினேன். அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். 'இவனுக்கா உன்னைக் கொடுத்தேன்' என்பதைக் கண்ணாலேயே சொன்னார். இன்னொரு முறை அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பீரையும் காய்ச்சி இரண்டு மரத்தொட்டிகளில் நிரப்பினேன். ஈஸ்ட் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் பீரில் சுரத்து இருக்காது என்பது ஊர் நம்பிக்கை. இரண்டு தொட்டிக்கும் இரண்டு தடவை கத்தினேன். சத்தம் அடங்குவதற்குள் பக்கத்துப் பண்ணை ஓஸ்முண்ட் வேலி மேல் முளைத்தான்.

"டேய் ஐவிண்ட், ரெண்டு கத்தல் கேட்டுதே. ரெண்டு பீராடா?"

"ஒண்ணுதான். இன்னொண்ணு கால்ல கட்டை விழுந்துது."

"எந்தக் கால்?"

"ரெண்டு கால்லயும்."

"சரி சரி. எப்போ எடுக்கற?"

"வெள்ளிக்கிழமை."

குன்வோரிடமும் வெள்ளிக்கிழமை என்றே சொன்னேன். அவளிடம் சொன்னால் பள்ளத்தாக்கு முழுக்கச் சொன்ன மாதிரி. என் திட்டம் இதுதான். புதன்கிழமை மாலை அவள் பாட்டுக் குழுவுக்குப் போவாள். அப்போது கிறிஸ்துமஸ் பீரைப் பீப்பாய்களில் பிடித்து, உருளைக்கிழங்கு நிலவறையில் ஒளித்து வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு லேசான பீர். ஆளுக்கு ஒரு கோப்பை குடித்து, முகம் சுளித்து, வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தொட்டிகள் குளிராமல் இருக்கப் போர்த்தி வைப்போம். அடையாளத்துக்காகக் கிறிஸ்துமஸ் தொட்டிக்கு என் நீலக் கோட்டு, லேசான பீருக்குச் சாம்பல் கம்பளி.

"எதுக்குங்க இதுக்கு மட்டும் கோட்டு?" என்றாள் குன்வோர்.

"இது கொஞ்சம் குளிர் தாங்காது."

"அப்படியா, பாவம்" என்று கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டாள். எவ்வளவு அப்பாவி என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. குன்வோர் கிளம்பினாள். ஓஸ்முண்ட் கண்ணில் படக்கூடாது என்று விளக்குப் போடவில்லை. ஒரு சொட்டு ருசி பார்த்தாலும் குன்வோர் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். அதனால் வாயையும் மூக்கையும் கம்பளித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இருட்டில் தடவித் தடவி, கோட்டுப் போட்ட தொட்டியைத் திறந்து, நான்கு பீப்பாய்களை நிரப்பி, முதுகு ஒடிய நிலவறைக்கு உருட்டினேன். காலித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மறுபடியும் கோட்டு மாட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். குன்வோர் இரண்டு தட்டு நிறைய உப்புக்கறி வெட்டி வைத்திருந்தாள். நான் தாராளப் பிரபுவாகச் சாம்பல் கம்பளியை விலக்கி, முதல் கோப்பையை ஓஸ்முண்டிடம் கொடுத்தேன்.

"இந்த வருஷம் கொஞ்சம் சுமார்தான்டா. மன்னிச்சுக்க."

குடித்தான். கண்கள் விரிந்தன. தன் கோட்டைக் கழற்றினான். உட்கார்ந்தான்.

"டேய், இதுவா சுமார்? இன்னொண்ணு ஊத்து."

நானும் ஒரு கோப்பை மொண்டேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸ்! தொண்டையில் இறங்கும்போதே மணியடித்தது. நிலவறையில் நான் கண்ணும் கருத்துமாகப் பூட்டி வைத்திருந்தது வெறும் லேசான பீர்.

தொட்டியின் அடிப்பலகை தெரிந்த பிறகுதான் கடைசி ஆள் கிளம்பினான். குன்வோர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"போர்வையை மாத்தினது நீதானே?"

"ஆமா."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இருபத்திரெண்டு வருஷத்துல நிலவறைப் படியை நீங்க ஒரு நாள் கூட்டினதில்ல. திங்கக்கிழமை கூட்டினீங்க."

"ஏன்டி எனக்கு இப்படிப் பண்ண?"

"ஒம்பது வீட்டுல போய் வயிறு முட்டக் குடிச்சிட்டு வந்திருக்கோம். அவங்களுக்குப் போய் கழுநீரை ஊத்தினா, நாளைக்கு நான் கடைத்தெருவுல எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?"

அவள் சொன்னது சரி என்பதுதான் அதிகம் வலித்தது.

"அப்போ கிறிஸ்துமஸுக்கு? உங்க அப்பாவுக்கு என்னத்தை ஊத்தறது?"

"அவரையும் ஓஸ்முண்ட் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். பத்தொம்பதாம் தேதி அங்கே எடுக்கறாங்க."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. "பத்தொம்பதா? இருபத்தி மூணுன்னு ஓஸ்முண்டே என்கிட்ட சொன்னானே."

"அது அவர் உங்களுக்கு மட்டும் சொன்ன தேதி" என்றாள் குன்வோர், மேஜையைத் துடைத்தபடி. "அவர் பொண்டாட்டி போர்வையை எப்படி மாத்தறதுன்னு நேத்துதான் என்கிட்ட கேட்டுட்டுப் போனா."