மொட்டைமலை உச்சியில் ஓர் எருமை

ஒரு காட்டில், வருஷத்தில் ஏழு மாசம் பனி பெய்து, மிச்ச ஐந்து மாசம் பனி பெய்யப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு குளிர்காட்டில், கார்மேகம் என்றொரு எருமை மென்பொருள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. எருமைமேல் மழை பெய்த மாதிரி என்று நம் பக்கம் சொல்லிவைத்திருக்கிறார்கள். பனி பெய்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் சொல்லிவைக்கவில்லை. என்ன ஆகும், குளிரும். கார்மேகம் இரண்டு ஸ்வெட்டர், ஒரு ஜாக்கெட், அதற்கு மேல் அலுவலகத்தில் கொடுத்த இன்னொரு ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது.

காட்டில் ஒரு நாளைக்கு எத்தனை இலை உதிர்கிறது என்று எண்ணிச் சொல்லும் மென்பொருள் அந்த அலுவலகத்தில் தயாரானது. எதற்கு எண்ண வேண்டும் என்று கேட்காதீர்கள், கார்மேகமே கேட்கவில்லை. பைன் மரத்து ஊசியிலை விழுந்தால் மென்பொருள் அதை இரண்டு இலையாக எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக யாருக்கும் பிடிபடாத அந்தப் பிழையைக் கார்மேகம் வந்த இரண்டாம் வாரமே கண்டுபிடித்துச் சரிசெய்தது. பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அத்தோடு சரி.

மேலதிகாரி ஒரு கரடி. பேர் குன்னார். அந்தக் காட்டில் பெரியவர் சின்னவர் பாகுபாடு கிடையாதாம், கரடியானாலும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். கார்மேகத்துக்கு வாய் வரவில்லை. ‘சார்’ என்றால் கரடி மனசு சங்கடப்படுகிறது. ஆகவே கரடி தானாகத் தன் பக்கம் திரும்பும்வரை நின்று காத்திருந்து, திரும்பியதும் பேசுவது என்று எருமை ஒரு வழி பண்ணிக்கொண்டது. சில நாள் கால் மணி நேரம்கூட நின்றிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கார்மேகத்துக்குக் கல்யாணமாகிப் பதினோராம் நாள் விமானம். மனைவி அன்னமயில் ஊரில் குளத்தங்கரையில் இருந்தது. ஆறு மாசத் தகுதிகாண் காலம் முடிந்து, ‘வேலை நிரந்தரம்’ என்ற கடிதத்தில் கரடி கையெழுத்துப் போட்டால்தான் அன்னமயிலுக்கு விசா. போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு. உதறிவிட்டு ஊருக்கு ஓடலாம் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார்கள். பதினோரு நாள் முகம் பார்த்த பெண்டாட்டியை இன்னும் ஒரு வருஷம் போனில் பார்க்க வேண்டுமா என்று நினைத்தாலே கார்மேகத்துக்கு அசைபோட்டது தொண்டையில் நின்றது.

கெட்டது திங்கட்கிழமையால் வந்தது.

அந்த அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை எல்லாரும் காபி மெஷினைச் சுற்றி நின்று, சனி ஞாயிறு என்ன பண்ணினாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது வழக்கம். லார்ஸ் என்ற கலைமான், “நாற்பது கிலோமீட்டர் பனிச்சறுக்கு,” என்று சொல்லும். பணியாளர் நலம் பார்க்கும் இங்கா என்ற நரியம்மா, “பனிக்கட்டியை உடைத்து ஏரியில் நீந்தினேன்,” என்று சொல்லும். கரடி குன்னார் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “மொட்டைமலை ஏறினேன்,” என்று மட்டும் சொல்லும். வாராவாரம் அதே மலைதான்.

“நீ?” என்று கார்மேகத்தைக் கேட்டார்கள்.

“துணி துவைச்சேன். வாரத்துக்குச் சமைச்சு வச்சேன். வீட்டுக்குப் பேசினேன். அப்புறம் சும்மா படுத்திருந்தேன்.”

எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். அடுத்த திங்களும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது திங்கள் நரியம்மா அன்பாகத் தோளில் கை வைத்து, எருமையைத் தன் அறைக்கு அழைத்துப்போய் ஒன்பதாம் நம்பர் படிவத்தை எடுத்தது. அது தனிமையில் வாடுவோருக்கான படிவம்.

“கடைசியாக எப்போது மகிழ்ச்சியாக ஓடினாய்?” என்று கேட்டது நரி.

“நாங்க ஓடுறதில்லைங்க. ஓடினா யாரோ துரத்துறாங்கன்னு அர்த்தம்.”

“துரத்தப்படும் உணர்வு உண்டு,” என்று நரி எழுதிக்கொண்டது. “சனிக்கிழமை படுத்திருந்தபோது என்ன நினைத்தாய்?”

“ஒண்ணும் நினைக்கலை. அதுக்குத்தானே படுக்கிறது.”

நரி பேனாவை வைத்துவிட்டு எருமையின் கையைப் பிடித்துக்கொண்டது. அதன் கண் கலங்கியிருந்தது. கார்மேகம்தான் அதற்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று.

நாலாம் மாசம் கரடி கூப்பிட்டுப் பேசியது. “உன் வேலையில் குறையே இல்லை. ஆனால் கார்மேகம் யார் என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியவில்லை. குழுவோடு ஒட்டாதவனை எப்படி நிரந்தரமாக்குவது? பார்ப்போம்.”

அன்றைக்கு எருமை போனில் எல்லாவற்றையும் சொன்னது. அன்னமயில் பொறுமையாகக் கேட்டது.

“அந்தக் கரடி எந்த மலை ஏறுதுன்னீங்க?”

“மொட்டைமலை.”

“நீங்களும் அதே மலையில ஏறினேன்னு சொல்லித் தொலைங்களேன். மலை வந்து சாட்சி சொல்லப் போகுதா?”

“பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது, புள்ள.”

“உண்மை சொன்ன வாய்க்கு விசா கிடைக்கலையே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. கல்யாணம் ஆயிட்டுது. குடும்பம் நடத்த ஒரு பொய் சொல்லக் கூடாதா? பக்கத்து வீட்டுப் பசு தினமும் கேக்குறா, எப்பக் கிளம்புறேன்னு. கேட்டுக் கேட்டு அவளுக்கே சலிச்சுப் போச்சுங்க.”

கார்மேகம் அதுவரை சொன்ன ஒரே பொய் ‘சாப்பிட்டேன்’ என்பதுதான். அதையும் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காபி மெஷின் பக்கம் போனது.

“மொட்டைமலை ஏறினேன்.”

கலைமான் நிமிர்ந்து பார்த்தது. கரடி கோப்பையைக் கீழே வைத்தது.

“எந்தப் பக்கமாக?”

இதை ஒத்திகை பார்க்கவில்லை. “பின்பக்கமா,” என்றது எருமை.

“பின்பக்கம் சறுக்குமே.”

“சறுக்கிச்சு.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து கார்மேகத்தின் காட்டில் மழை. இரண்டு நாளைக்குப் பதில் வராத மின்னஞ்சலுக்கு இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. ஊசியிலைப் பிழையைச் சரிசெய்த பழைய கதையைத் தோண்டி எடுத்து, “மலை ஏறுகிற ஆள், அதனால்தான் இப்படி யோசனை போகிறது,” என்று கலைமான் கூட்டத்தில் பாராட்டியது. நரியம்மா ஒன்பதாம் நம்பர் படிவத்தை எருமையின் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டது. இரண்டு மாசத்தில் கார்மேகம் மொட்டைமலையில் ஏழு முறை ஏறியிருந்தது. ஒருமுறை கணுக்கால்கூடச் சுளுக்கியது. அந்த வாரம் முழுக்க நொண்டினால்தான் சரியாக இருக்கும் என்பதால் நொண்டியது. புதன்கிழமை கால் மாறிப்போனதை நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை.

ஆறாம் மாசம் கடைசி வாரத்துக்கு முன்னால் கரடி ஒரு அறிவிப்பு அனுப்பியது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அலுவலகம் மொத்தமும் மொட்டைமலை ஏறும். பின்பக்க வழி. முன்னால் நின்று வழிகாட்டப்போவது கார்மேகம். இறங்கி வந்ததும் கையெழுத்து.

கார்மேகத்துக்கு மலையின் பின்பக்கம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அன்னமயிலோ அங்கே இரண்டு பெட்டியும் கட்டி, எடைபோட்டு, எடை அதிகம் என்று அவிழ்த்து, மறுபடியும் கட்டி வைத்திருந்தது. எருமை இரண்டு நாள் யோசித்தது. சரி, ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை காலை புதுசாக ஒரு ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு கிளம்பியது.

மலையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால் வழி என்று ஒன்றும் இல்லை. செங்குத்தாகப் பாறை. அதன்மேல் ஆடு ஏறலாம், பல்லி ஏறலாம். எருமை ஏறுகிற காரியம் இல்லை. அப்படியே நின்றபோது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு வாசனை வந்தது. சேற்று வாசனை. ஊரில் சித்திரை மாசக் குளத்தில் வருகிற அதே வாசனை.

போய்ப் பார்த்தால் வெந்நீர் ஊற்று. பக்கத்தில் பெரிய பள்ளம் நிறையக் கதகதவென்று சேறு. கார்மேகம் இரண்டு ஜாக்கெட்டையும் இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கி மூக்குவரை அமிழ்ந்தது. ஆறு மாசத்தில் முதல்முறையாக உடம்பில் நடுக்கம் நின்றது. நின்றதும் அழுகை வந்தது. யாருமில்லாத இடம்தானே என்று நன்றாக அழுதது.

அழுது முடித்துக் கண்ணைத் திறந்தால், பத்தடி தள்ளிச் சேற்றுக்குள் பழுப்பாக ஒரு மேடு தெரிந்தது. மேட்டுக்கு இரண்டு காது. கரையில் ஒரு ஊன்றுகோலும் ஒரு ஜோடி மலையேறும் பூட்ஸும் இருந்தன. பூட்ஸில் ஒரு பொட்டு மண் கிடையாது.

கரடியும் எருமையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு கரடி மெல்ல அமிழ்ந்து மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. எருமையும் அமிழ்ந்தது. கொம்பைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. சாயங்காலம்வரை இரண்டும் அப்படியே கிடந்தன. கரடிதான் முதலில் எழுந்தது. உடம்பை ஊற்று நீரில் கழுவி, பூட்ஸின்மேல் ஒரு பிடி பனியைத் தூவி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

போச்சு என்று கார்மேகம் நினைத்தது. ஏழு முறை சொன்ன பொய்யும் வெளுத்துவிட்டது, அதுவும் கையெழுத்துப் போடுகிறவர் கண்ணெதிரே. ஞாயிற்றுக்கிழமை அன்னமயிலின் போனை எடுக்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காபி மெஷினைச் சுற்றி வழக்கம்போல எல்லாரும் நின்றார்கள். நரியம்மா கார்மேகத்தைத்தான் முதலில் கேட்டது. எருமை கரடியைப் பார்த்தது. கரடி கோப்பைக்குள் பார்த்தது. உண்மையைச் சொன்னால் கரடியின் மானம் போகும். கரடி உண்மையைச் சொன்னால் அன்னமயிலின் பெட்டி அவிழும்.

“மொட்டைமலை,” என்றது எருமை.

“ஆமாம், பார்த்தேன்,” என்றது கரடி நிதானமாக. “உச்சியில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.”

“அங்கிருந்து பார்க்க எப்படி இருந்தது?” என்று நரி கேட்டது.

“மூட்டமாக இருந்தது,” என்று கரடியும் எருமையும் ஒரே குரலில் சொல்லின.

கலைமான் லார்ஸ் தொண்டையைச் செருமியது. “நானும் சனிக்கிழமை உச்சியில்தான் இருந்தேன்.”

கரடி நிறைந்திருந்த கோப்பையை மறுபடியும் மெஷினுக்குக் கீழே வைத்தது.

“உங்கள் இரண்டு பேருக்கும் கையாட்டினேனே, பார்க்கவில்லையா?” என்றது கலைமான்.

“பார்த்தோம்,” என்றது கரடி.

“நானும் பதிலுக்குக் கையாட்டினேன்,” என்றது எருமை.

பத்து மணிக்கு இன்னொரு அறிவிப்பு வந்தது. பின்பக்க வழியில் பனிச்சரிவு அபாயம் இருப்பதாகக் குன்னாரும் கார்மேகமும் நேரில் ஆய்வு செய்து கண்டறிந்திருப்பதால் வெள்ளிக்கிழமை மலையேற்றம் ரத்து. மதியம் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. கார்மேகம் முதல்முறையாக, “நன்றி, குன்னார்,” என்று பேர் சொல்லி அழைத்தது. கரடி தலையை மட்டும் ஆட்டியது.

விசா வர ஒன்றரை மாசம் ஆயிற்று. அன்னமயில் விமானம் மாறி மாறி, குளிரில் விறைத்துப்போய் வந்து இறங்கியது. முதல் சனிக்கிழமை கார்மேகம் ஆசை ஆசையாக மனைவியைச் சேற்றுக்கு அழைத்துப்போனது. அன்னமயில் இறங்கி, கண்ணை மூடி, “அப்பாடா,” என்றது. கண்ணைத் திறந்ததும் பத்தடி தள்ளி இரண்டு காதுகளைப் பார்த்தது.

“யாருங்க அது?”

“மெதுவாப் பேசு. குன்னார்.”

“உங்க மேலதிகாரியா? பக்கத்துல இருக்காரு, ஒரு வணக்கம் சொல்லாம கிடக்கீங்க. என்ன நினைப்பாரு?”

“அவர் இங்க இல்லை புள்ள. மலை உச்சியில இருக்காரு.”

அன்னமயில் காதுகளைப் பார்த்தது. கணவனைப் பார்த்தது. கெட்டிக்காரி, புரிந்துகொண்டது.

“அப்ப நீங்க?”

“நானும் அங்கதான் இருக்கேன்.”

“எது வரைக்கும்?”

“சனிக்கிழமை முழுக்க. சில வாரம் ஞாயிறும்.”

அன்னமயில் சேற்றில் கொஞ்சம் தள்ளிப் படுத்தது. “எட்டு மாசம் அந்தக் குளத்துல ஒத்தையாக் கிடந்தேன். ஏழு கடல் தாண்டி வந்து இந்தச் சேத்துலயும் நான் ஒத்தையாத்தான் கிடக்கணுமா? சொல்லுங்க.”

கார்மேகத்துக்குச் சொல்ல நிறைய இருந்தது. பத்தடி தள்ளி ஒரு காது இந்தப் பக்கம் திரும்பியது. மலை உச்சியில் இருக்கிற எருமைக்குக் கீழே மனைவி கேட்பது காதில் விழாது. ஆகவே கார்மேகம் பதில் சொல்லவில்லை.

நீதி: தனியாகச் சொன்னால் அது பொய். மேலதிகாரியோடு சேர்ந்து சொன்னால் அது அலுவலகப் பண்பாடு. குடும்பத்தை அழைத்துவருவோர் இதை விமானம் ஏறுமுன்பே சொல்லிவிடவும்.