பார்ட்லிக்குப் பிடிக்காத சொற்கள்

படகுப் போட்டியின் நிகழ்ச்சி நிரல் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

"உன் மெஷின் தின்னுடுச்சும்மா," என்றார் பார்ட்லி, நாற்காலியில் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டு. "காலைல இருந்து உட்கார்ந்து அடிச்சேன். ஒரு எழுத்து மிச்சமில்ல."

டெர்வ்லா ஓடி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "சேமிச்சீங்களா?"

"எதை அழுத்தணும்?"

"மேல இருக்கே, 'சேமி'ன்னு."

"சேமியா! அது என்னம்மா வார்த்தை? எங்கம்மா தன் ஆயுசுல அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. டப்ளின்ல கோட்டு போட்டவங்க கமிட்டி வச்சுச் செஞ்ச ஐரிஷ் இது. இங்கிலீஷ்ல இருந்த வரைக்கும் ஒரு நாளாவது என் வேலை தொலைஞ்சிருக்கா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் டெர்வ்லாவைச் சுட்டது.

அயர்லாந்தின் கால்வே நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள் அவள். சாயங்காலங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் வருஷக்கணக்கில் போட்டு, ஒரு திறமூல அலுவலக மென்பொருள் முழுவதையும் ஐரிஷ் மொழிக்குக் கொண்டுவந்திருந்தாள். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் யாரும் திருத்தலாம். ஆனால் எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. டப்ளினில் இருக்கும் மொழித்துறை அதிகாரி ஃபீக்ராவை நச்சரித்து நச்சரித்து ஒரே ஒரு சலுகை வாங்கியிருந்தாள். ஐரிஷ் பேசும் ஏதாவது ஓர் ஊரில், ஓர் ஆபீஸில், ஒரு மாதம் ஓடட்டும். 'இங்கிலீஷையே திருப்பிக் கொடு' என்று யாரும் கேட்காவிட்டால் நாட்டின் மேற்குக் கடற்கரை ஆபீஸ்களுக்கெல்லாம் அதுவே. கேட்டுவிட்டால், அத்தோடு பேச்சை விட்டுவிட வேண்டும்.

அப்படித்தான் அவள் வருஷ லீவு மொத்தத்தையும் போட்டுவிட்டு ரோஸ்டூ கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்திருந்தாள். சங்கத்தின் மேனேஜர் பார்ட்லி, ஊரின் கிழக்குக்கரைக்காரர். நல்ல ஐரிஷ் வேண்டுமென்றால் அவர் வாயைப் பார்க்கச் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

"சரி, நீங்க என்ன சொல்வீங்க?" என்றாள் டெர்வ்லா. "சொல்லுங்க, மாத்திடலாம். இது நம்ம சாஃப்ட்வேர். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

பார்ட்லி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "கரையேத்து," என்றார்.

டெர்வ்லாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதற்காகத்தானே வந்தாள்! சாயங்காலமே மாற்றினாள். மறுநாள் சங்கத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் 'சேமி' போய் 'கரையேத்து' வந்துவிட்டது.

மத்தியானம் போன் வந்தது. ஊரின் மேற்குக்கரையில் படகுக் குழுத் தலைவனாக இருக்கும் கோல்மன்.

"எவன் செஞ்ச வேலை இது? எங்க பக்கத்துல பொணத்தைத்தான் கரையேத்துவோம். எங்க கிளை ஆபீஸ் பொண்ணு காலைல இருந்து மெஷினைத் தொட மாட்டேங்குது."

"கிழக்குக்கரைல அப்படி இல்லையாமே..."

"கிழக்குக்கரைக்காரனுக்கு ஐரிஷ் எப்பத் தெரிஞ்சுது?"

இதற்குள் நிகழ்ச்சி நிரல் இன்னொரு தடவை தொலைந்திருந்தது. "கரையேத்து சரியாத்தான் இருக்கு," என்றார் பார்ட்லி. "அதுக்குப் பக்கத்துல ஏதோ ஒண்ணு இருக்கு பாரு, அது என்ன, படி?"

"'நீக்கு'."

"அதான்! நீக்கறதுன்னா ஆளை வேலையை விட்டு எடுக்கிறது. எவனுக்குப் புரியும்?"

டெர்வ்லா ஊர்க்கூட்டம் கூட்டினாள். மக்களே சொற்களைத் தேர்ந்தெடுக்கட்டும், சண்டை தீர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மேற்குக்கரை ஒரு பக்கம், கிழக்குக்கரை ஒரு பக்கம், நடுவில் டெர்வ்லாவும் டீப் பாத்திரமும்.

"'நீக்கு'க்குப் பதிலா 'கடல்ல போடு'ன்னு வைங்க," என்றது கிழக்கு.

"கடல்ல போட்டா அலை திருப்பிக் கொண்டாந்துடும்," என்றது மேற்கு. "'எரிச்சுடு'ன்னு வை."

"எரிச்சா திருப்பி எடுக்க முடியுமா? மெஷின்ல குப்பைத்தொட்டி எதுக்குடா வச்சிருக்கான்?"

"உங்க பாட்டன் எங்க வலையைத் திருப்பித் தந்தானா? அது மாதிரிதான்!"

பேச்சு வலைக்குப் போய், வலையிலிருந்து எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாணத்துக்குப் போனது. கடைசியில் ஆளுக்கொரு பதிப்பு என்று முடிவாயிற்று. அதாவது, டெர்வ்லா இரண்டு மடங்கு வேலை செய்வதென்று முடிவாயிற்று.

அவள் அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் பெரிய இடி விழுந்தது.

பார்ட்லிக்கு ஒரு பழக்கம். கீபோர்டைப் பார்க்காமலே விரல்கள் ஓடும். மனதில் இருப்பதை வேடிக்கையாக எழுதி, சிரித்துவிட்டு அழித்துவிடுவார். அன்று போட்டிக் குழுக்களைப் பற்றி எழுதினார். அழித்தார். அழித்ததாக நினைத்தார். அடுத்த நிமிஷம் அது ஊரில் ஈமெயில் வைத்திருந்த எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

'மேற்குக்கரைப் பசங்க துடுப்புப் போடுவது சூப் கலக்குவது போலிருக்கிறது. ஃபாதர் விசில் ஊதி முடிப்பதற்குள் அடுத்த வருஷப் போட்டி வந்துவிடும்.'

போட்டி நடுவரான ஃபாதர் சிரித்துவிட்டார். கோல்மன் சிரிக்கவில்லை. ஈர பூட்ஸோடு ஆபீஸுக்குள் வந்து நின்றான்.

"சூப்பா? நாங்க யாரும் போட்டிக்கு வரல. நீங்களே உங்களோட போட்டி போட்டுக்குங்க."

"கோல்மன், அது என் தப்பில்லடா," என்றார் பார்ட்லி. "இந்தப் புது ஐரிஷ் செஞ்ச வேலை. 'அனுப்பு'ன்னு போட்டிருக்கான். நான் 'அழி'ன்னு நெனச்சேன்."

"அப்படின்னா இந்த எழவே வேணாம். எங்க கரைல எல்லாருகிட்டயும் பேசிட்டு டப்ளினுக்குச் சொல்லிடறேன். இங்கிலீஷே வரட்டும்!"

டெர்வ்லா அவன் பின்னாலேயே துறைமுகம் வரை ஓடினாள். "ரெண்டு நாள் டைம் கொடுங்க. பார்ட்லி மன்னிப்புக் கேப்பார். நான் கேக்க வைக்கிறேன்."

திரும்பி வந்தவள் இனி எதுவும் தவறிப் போகாதபடி ஒரு பூட்டுப் போட்டாள். அனுப்புவதற்கு முன் மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: 'நல்லா யோசிச்சீங்களா? போனா திரும்பாது.' கீழே இரண்டு பொத்தான்கள்: 'போகட்டும்', 'வேணாம்'.

பார்ட்லி மனமுருகி ஒரு மன்னிப்பு எழுதினார். கேள்வி வந்தது. 'வேணாம்' என்பதை அழுத்தினார். மன்னிப்பு மறைந்தது. எரிச்சலோடு எதையோ திறந்து எதையோ அழுத்தினார். கேள்வி வந்தது. இந்த முறை 'போகட்டும்' என்பதை அழுத்தினார்.

சூப் கடிதம் ஊருக்கு இரண்டாவது முறையாகப் போனது.

டெர்வ்லா மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இத்தனை வருஷ உழைப்பும் ஓர் ஊரைச் சண்டைக்கு இழுக்கத்தான் பயன்பட்டதா? பல் டாக்டர் ஆபீஸ் எவ்வளவோ மேல். அங்கே வாயைத் திறப்பவர்கள் பேசுவதில்லை.

"அழாதம்மா," என்றார் பார்ட்லி, நிஜமாகவே வருத்தப்பட்டு. "ஆரம்பத்துல என்ன வச்சிருந்தே? வாய்விட்டுச் சொல்லு பாப்போம்."

"சேமி," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சேமி. ம். காதுல கேட்டா நல்லாத்தான் இருக்கு."

டெர்வ்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காது! முதல் நாளிலிருந்து அவர் 'படி', 'சொல்லு' என்றுதானே கேட்கிறார்? இந்த மொழி பள்ளிக்கூடத்தில் வளரவில்லை. படகிலும் அடுப்படியிலும் வளர்ந்தது. இவர்களிடம் எழுத்தை நீட்டியதுதான் தான் செய்த பிழை என்று அவளுக்கு உறைத்தது. திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்றை எவனோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகவே வைத்திருந்தான். குரல் மட்டும்தான் வேண்டும்.

யார் குரல்? கிழக்கு என்றால் மேற்கு கொதிக்கும். பார்ட்லிக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி பாபீன் மேற்குக்கரையில் பிறந்து கிழக்குக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். கேட்டதும் ஒப்புக்கொண்டாள். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நேரமில்லாததால் டெர்வ்லா பழைய கமிட்டிச் சொற்களையே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் பார்ட்லி சுட்டியை நகர்த்தினார். "நீக்கு," என்றது பாபீனின் குரல். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "சேமி."

"ஆங்! இதாம்மா வார்த்தை!" என்று அழுத்தினார். சேமித்தது.

மன்னிப்புக் கடிதம் ஒரே தடவையில், ஒழுங்காக, போக வேண்டியவர்களுக்குப் போனது. கோல்மன் போன் செய்து, பாபீன் குரல் தன் அத்தை குரல் போலவே இருப்பதாகவும் இனி ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னான். போட்டியில் மேற்குக்கரை ஒரு படகு நீளத்தில் ஜெயித்தது. கிழக்குக்கரை முதல்முறையாக நடுவரைத் திட்டவில்லை.

அன்று சாயங்காலம் ஊர்க்கூடத்தில் டீயும் ஹாம் சாண்ட்விச்சும். டப்ளினிலிருந்து ஃபீக்ரா வந்திருந்தார். இங்கிலீஷ் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அவருக்கே நம்ப முடியவில்லை.

"எப்படிம்மா சாதிச்சே?"

டெர்வ்லா இதற்காகக் காத்திருந்தாள். "நாம சொல்லை மாத்தி மாத்திப் பாத்தோம் சார். பிரச்சினை சொல்லுல இல்ல. இவங்க மொழி கண்ணுல இல்ல, காதுல இருக்கு. காகிதத்துல செத்துக் கிடந்த அதே வார்த்தை, சொந்த ஊர்க் குரல்ல கேட்டதும் உயிரோட எழுந்துடுச்சு. பார்ட்லிதான் அதை எனக்குக் காட்டிக் கொடுத்தார்."

ஃபீக்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேற்குக் கடற்கரை முழுக்க, ஊருக்கு ஊர் குரலோடு, அடுத்த மாதமே என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. பார்ட்லி எழுந்து நின்று தலைவணங்கினார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த பாபீன், டெர்வ்லாவின் கோப்பையை நிரப்பும் சாக்கில் காதோரம் குனிந்தாள்.

"நீ பேசினது எனக்கு ஒண்ணும் புரியல, கண்ணு. ஆனா நீ வந்த அன்னிக்கே அவரு மூக்குக்கண்ணாடி கடல்ல விழுந்துடுச்சுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு யாருகிட்டயும் சொல்லாம மறைச்சு வச்சிருந்தாரே, அதை நீ மட்டும் எப்படித்தான் கண்டுபிடிச்சே?"