நத்தைக்குப் பட்டா

மண்ணின் மைந்தன் யாருங்கற கேள்விக்கு எங்க நெல்லியாளம் மலையில போன மழைக்காலத்துல விடை கிடைச்சுதுங்க. அது ஒரு நத்தை.

ஆராய்ச்சிக்கு வந்த ஸ்வேதா, வடிவேல் ஊட்டுக்குப் பின்னால சேம்பு இலைக்கு அடியில அதைக் கண்டுபிடிச்சாங்க. "பனியுகத்துல கடல் வத்தி, சிலோனுக்கும் நமக்கும் நடுவுல தரை இருந்துச்சு. இதோட மூதாதைங்க அது வழியா ஊர்ந்து வந்தாங்க. அப்புறம் வெயில் கூடினதும் குளிர் தேடி மலை ஏறிட்டாங்க. இனி கீழே இறங்க முடியாது. அதனால ஒவ்வொரு மலையும் ஒரு தீவு, மலைக்கு மலை மரபணு வேற"ன்னாங்க.

மலைத் தொன்மைப் பாதுகாப்பு அலுவலர் சிவகுருவுக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. உடனே போர்டு நட்டார்: 'இவ்விடம் தொன்மைமிகு நத்தையாரின் பாரம்பரிய உறைவிடம். மானிடர் அகல்க.'

மானிடர்ன்னா வடிவேல். எஸ்டேட்டுல ரிட்டயர் ஆகி, கம்பெனி குடுத்திருந்த லயத்து ஊட்டைக் காலி பண்ணிட்டு, அவர் பாடுபட்டுக் கட்டின ஊடு அது. பட்டாவுக்கு அலைஞ்சுட்டிருந்தார் பாவம்.

"ஐயா, நானும் சிலோன்லேருந்து வந்தவன்தானுங்களே?"

"நத்தை வரும்போது கடல் இல்ல. நீங்க கடல் இருக்கும்போது கப்பல்ல வந்தீங்க. ரெண்டும் ஒண்ணா?"

"எங்க பாட்டன் திருச்சிப் பக்கத்திலேருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவருங்க."

"அது சமவெளி. மரபணு வேற. மேடமே சொல்லிட்டாங்க."

ஸ்வேதாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நான் நத்தையைச் சொன்னேன் சார்! நீங்க எந்த ஊரு?"

"மதுரை. ஆனா நான் டிரான்ஸ்பர்ல வந்தேன்."



பக்கத்து ஊட்டுக்காரங்களான எங்களுக்கு, சிலோன்காரர் கிளம்பறார்ன்னு உள்ளுக்குள்ள ஒரே குஷி. எங்க தாத்தன்மாரும் கோயமுத்தூர்ப் பக்கம்தான், அதை யாருங்க கேட்டா? நத்தைப் படம் போட்ட டீ-சர்ட் மாட்டிக்கிட்டு ஊர்வலம் போனோம். வழியில சிவகுரு நிறுத்தி, "உங்க தோட்டத்துலயும் நத்தை இருக்கான்னு திங்கட்கிழமை பார்க்கறோம்"ன்னார்.

அட சாமி! ஊர்வலம் நேரா மளிகைக் கடைக்குப் போச்சு. உப்பு பட்டா நத்தை செத்துருமில்லீங்களா? பஜார்ல இருந்த உப்பு மொத்தமும் எங்க தோட்டத்துல.

திங்கட்கிழமை தேடினாங்க, எங்ககிட்ட ஒண்ணுமில்ல. 'ஆட்சேபணை இல்லை'ன்னு எங்க பட்டாவுக்குச் சிபாரிசே பண்ணிட்டாங்க. வடிவேல் ஊட்டுலதான் செவுரெல்லாம் நத்தை.

"ஏனுங்க, நீங்க உப்புப் போடலீங்களா?"ன்னு வடிவேலைக் கேட்டோம்.

"வாயில்லாச் சீவனுங்க. எப்படிங்க மனசு வரும்?"

சிவகுருவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இந்த மலையிலயே மிஞ்சினது இதுங்க மட்டும்தான். நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க"ன்னு வடிவேலுக்குச் சால்வை போத்தினார். போத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஊட்டுச் சாவியைக் கொடுத்துரச் சொன்னார்.

நாங்க எல்லாரும் கை தட்டினோம்.